தொட்டியில் சாவு விழுந்தால் முதலில் எடுக்க வேண்டியது: ஏபிஐ நன்னீர் சோதனைப் பெட்டி

மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் இரண்டு மூன்று மீன்கள் அடுத்தடுத்துச் செத்து மிதந்தால், பெரும்பாலோர் கடைக்குப் போய் மருந்து கேட்கிறார்கள். "இந்த நீல மருந்தை ஊத்துங்க சார், சரியாயிடும்" என்று கடைக்காரரும் ஒரு சிறு புட்டியைக் கையில் கொடுத்துவிடுகிறார். அது அநேகமாக மெத்திலீன் ப்ளூவாக இருக்கும். முட்டைகளில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதற்கும், நோயுற்ற மீனைத் தனித்தொட்டியில் விட்டுக் கவனிப்பதற்கும் அது நல்ல மருந்துதான். ஆனால் முழுத் தொட்டியில் ஊற்றினால், ஃபில்டரில் குடியிருந்து கழிவை முறிக்கும் பாக்டீரியாவையும் அது கொன்றுவிடக்கூடும். அந்தப் பாக்டீரியா குறைந்துபோனதால்தான் மீன்கள் செத்தன என்றால், மிச்சமிருக்கும் மீன்களின் கதையை மருந்தே முடித்துவிடும். ஆகவே மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கென்று வீட்டில் ஒரே ஒரு பொருளைத்தான் வாங்கி வைக்க முடியும் என்றால், பல ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் ஏபிஐ நிறுவனத்தின் நன்னீர் மாஸ்டர் டெஸ்ட் கிட்டை வாங்கி வைக்கச் சொல்வேன்.

பெட்டிக்குள் ஏழு சிறு புட்டிகளும், மூடியுடன் கூடிய நான்கு கண்ணாடிக் குழாய்களும், ஒரு வண்ண அட்டையும் இருக்கும். சாதாரண பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு), உயர் பிஹெச், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய ஐந்து சோதனைகளை இவற்றைக் கொண்டு செய்யலாம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 800 சோதனைகள் செய்யலாம் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. நம் ஊரில் இதன் விலை சில ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. ஒரே நாளில் இறந்துபோகும் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன்களின் விலையோடும், அடுத்தடுத்து வாங்கிக் குவிக்கும் மருந்துகளின் விலையோடும் ஒப்பிட்டால் இது பெரிய தொகையாக எனக்குத் தோன்றவில்லை.

சோதிக்கும் முறை எளிது. குழாயில் உள்ள கோடு வரை, அதாவது 5 மில்லி, தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட எண்ணிக்கையில் சொட்டுகளை விட வேண்டும். அம்மோனியாவுக்கு இரண்டு புட்டிகளிலிருந்தும் எட்டு எட்டுச் சொட்டுகள் விட்டு, மூடிக் குலுக்கி, ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். நைட்ரைட்டுக்கு ஒரே புட்டியிலிருந்து ஐந்து சொட்டுகள் போதும். அதற்கும் ஐந்து நிமிடம்தான். அம்மோனியா இல்லையென்றால் குழாய் மஞ்சளாகவே நிற்கும்; இருந்தால் அளவுக்கு ஏற்பப் பச்சையாக மாறும். நைட்ரைட் இல்லாத தண்ணீர் வெளிர்நீலமாக இருக்கும். இருந்தால் ஊதா நிறம் ஏறும்.

நைட்ரேட் சோதனைக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதன் இரண்டாம் புட்டியில் உள்ள மருந்து அடியில் படிந்து கெட்டிப்படும் தன்மை கொண்டது. ஆகவே சொட்டு விடுவதற்கு முன் அந்தப் புட்டியை முப்பது வினாடி பலமாகக் குலுக்க வேண்டும். சொட்டு விட்ட பிறகு குழாயையும் ஒரு நிமிடம் முழுக்கக் குலுக்க வேண்டும். இதைச் செய்யாதவர்களுக்கு நைட்ரேட் எப்போதும் குறைவாகவே காட்டும். என் தொட்டியில் நைட்ரேட்டே இல்லை என்று பெருமையாகச் சொல்பவர்களிடம், புட்டியை எப்படிக் குலுக்கினீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

இந்தச் சோதனைகளில் ஒன்றைவிட்டு ஒன்றைச் செய்வதால் பயனில்லை. எண்களைச் சேர்த்துப் படித்தால்தான் தொட்டியில் என்ன நடந்தது என்பது விளங்கும். இதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். சென்னையில் என் சித்தப்பா வீட்டில் போர் தண்ணீரில் ஓடும் மூன்றடித் தொட்டி ஒன்று இருக்கிறது. ஏஞ்சல், மாலி, ஒரு சக்கர் என்று கலந்து வளர்க்கிறார். மாதம் ஒருமுறை ஆள் வந்து தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டுப் போவார். அப்படி ஒருமுறை வந்தவர் தொட்டியை முழுக்கக் காலிசெய்து, கற்களைத் தேய்த்து அலசி, ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் வெள்ளையாகும் வரை பிழிந்து கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். தொட்டி கண்ணாடி போலப் பளிச்சென்று இருந்தது. இரண்டு நாள் கழித்து மாலிகள் மேற்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஏஞ்சல்கள் துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் ஒதுங்கின. அன்று மாலையே சாவு தொடங்கிவிட்டது.

சோதித்தபோது அம்மோனியாக் குழாய் இலைப்பச்சையாக மாறி 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் நான்கு பங்கு) காட்டியது. நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 5-ஐத் தாண்டவில்லை. இந்த மூன்று எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் செய்தி தெளிவாக இருக்கிறது. மீன்கள் செவுள் வழியாக வெளிவிடும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியா குவிந்துகிடக்கும்போது நைட்ரைட் துளியும் இல்லை என்றால், முதல் படியைச் செய்ய வேண்டிய பாக்டீரியாவே ஃபில்டரில் இல்லை என்று பொருள். அது ஸ்பாஞ்சிலும் கற்களிலும்தான் ஒட்டி வாழ்ந்தது. சுத்தம் என்ற பெயரில் கழுவி வெளியே ஊற்றப்பட்டுவிட்டது. அந்த வீட்டில் நோய் எதுவும் இல்லை. எந்த மருந்தும் தேவைப்படவும் இல்லை.

அதே பெட்டியின் பிஹெச் சோதனை, நிலைமை எவ்வளவு கடுமை என்பதையும் சொன்னது. இதில் உள்ள அம்மோனியா சோதனை, நச்சான அம்மோனியாவையும் ஏறக்குறையத் தீங்கற்ற அம்மோனியம் வடிவத்தையும் சேர்த்து மொத்தமாகவே காட்டும். இரண்டில் எது எவ்வளவு என்பதைப் பிஹெச்சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 28 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 என்றால் மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது; அதே வெப்பத்தில் பிஹெச் 8.2 என்றால் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு நச்சாகிவிடும். ஆகவே அம்மோனியா 1 பிபிஎம் என்று மட்டும் சொன்னால் அது பாதிச் செய்திதான். சித்தப்பா வீட்டில் பிஹெச் 8.2 இருந்தது. 4 பிபிஎம்மில் பத்தில் ஒன்று நச்சு வடிவம் என்றால், பெரும்பாலான நன்னீர் மீன்களால் அதைத் தாங்க முடியாது.

பிஹெச் சோதிப்பதில் ஒரு கவனம் தேவை. சாதாரண பிஹெச் சோதனையின் அளவு 7.6 வரைதான் போகும். அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் குழாய் அதே நீலத்தில்தான் நிற்கும். நம் ஊர்ப் போர் தண்ணீர் பல இடங்களில் அதைத் தாண்டியே இருக்கிறது. நீலம் வந்துவிட்டால் 7.6 என்று எழுதி வைத்துவிடாமல், உயர் பிஹெச் புட்டியை எடுத்து இன்னொரு முறை சோதிக்க வேண்டும். அது 7.4 முதல் 8.8 வரை காட்டும்.

அந்தத் தொட்டியில் பாதித் தண்ணீரை அதே போர் தண்ணீரால் மாற்றினோம். ஏர் பம்பைக் கூட்டி வைத்தோம். இரை போடுவதை நிறுத்தினோம். என் வீட்டுப் பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை அலசாமல் அப்படியே எடுத்துப்போய் வைத்தோம். அடுத்தடுத்த நாட்களில் அம்மோனியா இறங்க இறங்க நைட்ரைட் தலைகாட்டத் தொடங்கியது. அது எதிர்பார்த்ததுதான் என்றாலும், நைட்ரைட் தன் பங்குக்கு மீனின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாமல் தடுத்து, ரத்தத்தையே பழுப்பாக்கிவிடும். இந்த இடத்தில் சாதாரணக் கல் உப்பு உதவுகிறது. உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே நுழைவதைத் தடுக்கும். லிட்டருக்கு ஒரு கிராமுக்குள் போட்டாலே போதும். தொட்டியில் செடிகளோ கெளுத்தி இன மீன்களோ இருந்தால் அதற்கு மேல் போகாமலிருப்பது நல்லது. சில மீன்களைக் காப்பாற்ற முடியவில்லை. மிச்சமானவை இன்றும் நன்றாக இருக்கின்றன. இந்த நாட்களில் எப்போது தண்ணீர் மாற்றுவது, எப்போது நிறுத்துவது, எப்போது இரை தொடங்குவது என்ற ஒவ்வொரு முடிவையும் அந்தக் குழாய்களின் நிறத்தைப் பார்த்தே எடுத்தோம். ஊகத்தில் ஓட்டியிருந்தால் இத்தனை மீன்கள்கூட மிஞ்சியிருக்காது என்று நம்புகிறேன்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிலைமையும் உண்டு. புதிதாகத் தொட்டி வைத்தவர்களைவிட, ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்கள்தான் இதில் சிக்குகிறார்கள். சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீர் மிகவும் தூய்மையானது என்று நினைத்துத் தொட்டிக்கும் அதையே ஊற்றுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் கார்பனேட் உப்புகள் மிகக் குறைவு. தொட்டியில் அம்மோனியா முறியும்போது உண்டாகும் அமிலத்தைத் தாங்கிக்கொள்ள எதுவும் இல்லாததால் பிஹெச் மெல்ல மெல்ல 6 வரைக்கும் அதற்குக் கீழும்கூடச் சரிந்துவிடும். அவ்வளவு அமிலமான தண்ணீரில் பாக்டீரியாவின் வேலை ஏறக்குறைய நின்றுபோகும். அம்மோனியா சேரத் தொடங்கும். ஆனால் பிஹெச் குறைவாக இருப்பதால் அது முழுக்கத் தீங்கற்ற வடிவிலேயே நிற்கும். மீன்கள் எதையும் வெளிக்காட்டாமல் நீந்திக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் ஒருநாள் நல்லது செய்வதாக எண்ணி, பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு பிஹெச் 8 உள்ள போர் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ ஊற்றுகிறார். பிஹெச் ஏறுகிறது, அதுவரை சாதுவாக இருந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறுகிறது, மாலைக்குள் தொட்டி காலியாகிறது. 'தண்ணீர் மாத்தினேன், எல்லாம் செத்துப்போச்சு' என்று சொல்லப்படும் கதைகளில் பலவற்றின் உள்ளே நடப்பது இதுதான்.

இந்தப் பெட்டி கையில் இருந்தால், தண்ணீர் மாற்றுவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்துவிடலாம். தொட்டி நீரின் பிஹெச் 6 என்றும், அம்மோனியா 2 பிபிஎம் என்றும், ஊற்றப்போகும் நீரின் பிஹெச் 8 என்றும் தெரிந்துவிட்டால், யாரும் ஒரே மூச்சில் பாதியை மாற்ற மாட்டார்கள். தொட்டி நீரை ஒத்த மென்மையான தண்ணீரைக் கொண்டு நாளுக்குக் கொஞ்சமாக மாற்றி, அம்மோனியாவை முதலில் இறக்கிய பிறகே பிஹெச்சை ஏறவிடுவார்கள். இங்கே இந்தப் பெட்டியின் உண்மையான குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிஹெச் சரியப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கக்கூடியது கார்பனேட் கடினத்தன்மைச் சோதனை. மாஸ்டர் என்று பெயர் வைத்த பெட்டிக்குள் அது இல்லை. அதே நிறுவனம் பொதுக் கடினத்தன்மைக்கும் கார்பனேட் கடினத்தன்மைக்கும் சேர்த்துத் தனிப்பெட்டி விற்கிறது. ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்துபவர்கள் அதையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

குழாய்கள் எல்லாம் சுத்தமாக, அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 20-க்குள், பிஹெச் வழக்கம்போல் என்று வந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். அதுவும் ஒரு பதில்தான். எனக்கு அது மிகவும் மதிப்புள்ள பதில். நோய்ப் பக்கம் தேடலாம் என்ற தைரியத்தை அது கொடுக்கிறது. மீன்கள் கல்லிலும் செடியிலும் உடம்பை உரசிக்கொள்கின்றன, துடுப்பில் உப்புத் தூவியது போல வெண்புள்ளிகள் தெரிகின்றன என்றால் அது வெண்புள்ளி நோய். மீனின் தோலுக்குள் இருக்கும் நிலையில் அந்த ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது கீழே விழுந்து பெருகி மீண்டும் நீந்தி வரும் நிலையில்தான் கொல்ல முடியும். ஆகவே புள்ளி மறைந்த பிறகும் மருந்தைத் தொடர வேண்டும். வாயோரத்திலும் முதுகிலும் வெள்ளையாகப் பஞ்சு போலப் படர்ந்து, ஓரிரு நாளில் மீனைக் கொல்வது என்றால் அது பெரும்பாலும் பூஞ்சையாக இருக்காது. காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கும். வெண்புள்ளிக்கு வெப்பத்தைக் கூட்டினால் நல்லது. காலம்னாரிஸுக்கு அதையே செய்தால் நோய் இன்னும் வேகமாகப் பரவும். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஹீட்டரை ஏற்றிவிடக் கூடாது.

சாவு விழும் விதத்தையும் கவனிக்க வேண்டும். பல இன மீன்கள் சில மணி நேரத்துக்குள் ஒன்றாகத் தவித்தால் தண்ணீரைச் சந்தேகிக்கலாம். ஒரு மீன், இரண்டு நாள் கழித்து இன்னொன்று, உடம்பில் அடையாளத்தோடு என்றால் நோயைச் சந்தேகிக்கலாம். ஆனாலும் இந்தப் பெட்டி பார்க்க முடியாத தண்ணீர்க் கோளாறுகளும் இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. குளோரின் இதில் தெரியாது. மெட்ரோ தண்ணீரை நேராக ஊற்றிச் செவுள் வெந்துபோன மீன்களுக்கு இந்தக் குழாய்கள் எதையும் காட்டிக்கொடுக்காது. குளோரினைச் சோதிப்பதற்குத் தனிச் சொட்டு மருந்து உண்டு. அதைவிட எளிது, தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சோடியம் தயோசல்பேட் கலந்த ஆன்டி-குளோரின் திரவத்தை விடுவது. கரைந்த ஆக்சிஜனையும் இது அளக்காது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். கோடையில் கரண்ட் போய் ஏர் பம்பும் நின்ற இரவில், விடியும் முன் பெரிய மீன்கள் முதலில் செத்திருந்தால், எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் காரணம் மூச்சுத்திணறலாகவே இருக்கும். கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடிக்கும் ஸ்ப்ரேயும் அப்படித்தான். அவற்றில் உள்ள பைரெத்ராய்டு வகை மருந்துகள் மீன்களுக்கு மிகக் கொடிய நஞ்சு. ஏர் பம்ப் அறையின் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

அம்மோனியா சோதனையில் பூஜ்யத்துக்கும் 0.25-க்கும் உள்ள நிற வேறுபாடு மிக நுண்ணியது. மஞ்சளும் மஞ்சள் கலந்த இளம்பச்சையும் இரவு நேர விளக்கொளியில் ஒன்றாகவே தெரியும். பகலில் ஜன்னலோரம் போய், குழாயை அட்டையின் வெள்ளைப் பகுதியோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால், இன்னொரு குழாயில் கேன் தண்ணீரை ஊற்றி அதே சோதனையைச் செய்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்; நிறம் ஒன்றாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வீட்டுக் குழாய்த் தண்ணீரையும் ஒருமுறை தனியாகச் சோதித்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. சில போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கும். அது தெரியாமல் தொட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

காகிதப் பட்டைகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒருமுறை முக்கினால் ஐந்து எண்கள் வந்துவிடும். இதே நிறுவனத்தின் ஐந்து-சோதனைப் பட்டையில் கார்பனேட் கடினத்தன்மை இருக்கிறது, அது ஒரு வசதிதான். ஆனால் அம்மோனியா அதில் இல்லை. சாவு விழும் தொட்டியில் முதலில் தெரிய வேண்டியதே அம்மோனியா என்பதால், அவசரத்துக்குப் பட்டையை நம்ப நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வாரம் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துக்கொள்ள அது போதும்.

இந்தப் புட்டிகளில் காரமும் அமிலமும் இருக்கின்றன. மூடிகள் குழந்தைகள் எளிதில் திறக்க முடியாதபடி செய்யப்பட்டிருந்தாலும், உயரமான அலமாரியில் வைப்பதே சரி. சோதித்த தண்ணீரைத் தொட்டிக்குள் திரும்ப ஊற்றக் கூடாது; குழாய்களைச் சோதனை முடிந்த உடனே தொட்டித் தண்ணீரிலோ குழாய்த் தண்ணீரிலோ பலமுறை அலசி வைக்க வேண்டும். முந்தைய சோதனையின் மிச்சம் அடுத்த எண்ணைக் கெடுத்துவிடும்.

வாங்கும்போது புட்டிகளின் மேல் அச்சிட்ட லாட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் குறிக்கும். அதிலிருந்து மூன்று ஆண்டுகளை நம்பத்தக்க காலமாக வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் தள்ளுபடியில் வருபவை சில சமயம் பழைய சரக்காக இருக்கும். சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் கடைக்கு நேரில் போனால் பெட்டியைத் திறந்து இந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம். மற்றப் புட்டிகளுக்கு முன்பே தீர்ந்துபோவது நைட்ரேட் புட்டிகள்தான். அதை மட்டும் தனியாகவும் வாங்க முடியும் என்பதால், முழுப் பெட்டியை மறுபடி வாங்கத் தேவையில்லை.